கொத்மலையும் சீயமும்: மனைக்கலையும் பலகார மரபும்

ஒரு சமுதாயத்தின் பண்பாட்டை ஆராயப் புகுவோர் கோயிலையும் மாளிகையையும் முதலிற் காண்பர். அடுக்களையைக் காண்போர் சிலரே. ஆயினும் பேரழிவு நேர்ந்தவிடத்துக் கட்டடத்தினும் பலகாரமே நெடிது நிலைத்தலுண்டு. இதனை மலையகத்துக் கொத்மலையும், இன்று தாய்லாந்து என வழங்கும் சீயமும் ஒருங்கே காட்டுகின்றன.

இவ்விரு நிலங்களையும் ஒப்புநோக்குதற்கு வரலாற்றுத் தொடர்பும் உண்டு. 1753ஆம் ஆண்டிற் கண்டியை ஆண்ட நாயக்க மரபினனாகிய கீர்த்தி சிறீ இராசசிங்கனின் வேண்டுகோட்கிணங்க, சீயத் தலைநகராகிய அயோத்தியாவிலிருந்து உபாலி தேரர் வந்து பௌத்த துறவியர்க்கு உபசம்பதை அளித்தார். கண்டி நாட்டின் துறவு மரபு இங்ஙனம் புத்துயிர் பெற்றது. அதன்பின் 14 ஆண்டுகளில், 1767இல், பர்மியப் படையால் அயோத்தியாவே எரியுண்டது.

சீயத்து மரபு வீடு மரத்தாலாயது. வெள்ளத்துக்கு அஞ்சி உயர்ந்த தூண்கள்மீது அமைக்கப்படுவது. மழைநீர் விரைந்து வழியச் செங்குத்தான கூரையுடையது. சுவர்ப்பலகைத் தொகுதிகள் ஆணியின்றி முளைகளாற் பொருத்தப்படுதலின், வீட்டைக் கழற்றிப் படகிலேற்றி வேறிடத்தில் நிறுத்தலாம். 1959இற் பாங்கொக்கில் யிம் தொம்சன் அமைத்த இல்லம், பிறவிடங்களிலிருந்து கொணர்ந்த 6 பழைய வீடுகளை இணைத்ததேயாம்.

எரிந்த தலைநகரின் செங்கற் கோயில்கள் இடிபாடுகளாய் நிற்க, அந்நகரின் இனிப்புகளோ இன்றும் வாழ்கின்றன. முட்டை மஞ்சட்கருவைக் கொதிக்கும் சர்க்கரைப் பாகில் மெல்லிய இழையாக ஊற்றிச் செய்யும் ‘போய் தோங்’ அவற்றுள் ஒன்று. தங்க இழை என்பது பொருள். போர்த்துக்கேயரிடமிருந்து வந்த இதனை, நாராய் மன்னன் காலத்து வாழ்ந்த மரியா கியோமார் என்னும் மாது பரப்பினாள் என்பது வழக்கு. நீண்ட இழை நீண்ட வாழ்வைக் குறித்தலின் மணவிழாவில் அது சிறப்பிடம் பெறுகின்றது.

கொத்மலையின் அழிவு நெருப்பால் நேர்ந்ததன்று, நீரால் நேர்ந்தது. மகாவலித் திட்டத்தின்கீழ்க் கொத்மலை ஓயாவின் குறுக்கே 87 மீற்றர் உயர அணை எழுந்தது. 1985இல் நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. பள்ளத்தாக்கின் ஊர்களும் வயல்களும் விகாரைகளும் மூழ்கின. வரிச்சு கட்டி மண்ணப்பிய சுவர்களைச் சீய வீடுபோற் கழற்றிக் கொண்டுசெல்ல இயலாது. நீர் வற்றுங் காலங்களிற் கடதொர விகாரையின் எச்சம் வெளிப்படுகின்றது. மூழ்கியவற்றின் நினைவாக எழுப்பிய மகாவலி மகாசேயா 2016இல் திறக்கப்பட்டது.

இடம்பெயர்ந்தோர் தம் பலகாரங்களைக் கைவிட்டிலர். அரிசி மாவையும் கித்துள் பாணியையும் கலந்து, கொதியெண்ணெயில் ஊற்றி, நடுவிற் குச்சியை நாட்டிக் குமிழெழச் செய்வது கொண்டைப் பலகாரம். தேங்காய்ப்பால் சேர்த்த மாவில் அச்சைத் தோய்த்துப் பொரிப்பது கொக்கிஸ். இப்பெயர் ஒல்லாந்தர் மொழியினின்று வந்தது. தமிழரின் அச்சு முறுக்கும், சீயத்தின் ‘தோக் சோக்’ என்னும் பண்டமும் இம்முறையினவே.

சூழவுள்ள தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழர் நிலையும் இதனோடு எண்ணத்தக்கது. அவர்தம் முன்னோர் தமிழகத்துத் திண்ணை வீடுகளைக் கொண்டுவர இயலவில்லை. அவர்க்குக் கிடைத்தது தோட்டத்துரைமார் கட்டிய லயன் அறை. அவ்வறையின் அடுப்பிலேயே தீபாவளிக்கு அதிரசம் வெந்தது. மாவும் வெல்லப்பாகும் சேர்ந்த அதிரசத்துக்கும் மாவும் பாணியும் சேர்ந்த கொண்டைப் பலகாரத்துக்கும் உள்ள உறவு வெளிப்படை.

எனினும் பலகாரமும் அழியாப் பொருளன்று. கொத்மலையினின்று வறண்ட வலயத்துக் குடியேற்றங்களுக்குச் சென்றோர்க்கு, ஈரமலைச் சாரலில் வளரும் கித்துள் எளிதிற் கிட்டுவதன்று. பாணியின் இடத்தைச் சீனி கொள்ளுமாயிற் சுவை மாறும். மாவின் பதமும் பாகின் முதிர்வும் முதியோர் கையில் மட்டுமே வாழ்கின்றன. கட்டடங்களை அளந்து வரைவதுபோல இவற்றையும் கேட்டறிந்து எழுதிவைத்தல், மலையகத்துக் கல்வி நிலையங்கள் காலந்தாழ்த்தாது மேற்கொள்ளத்தக்க பணியாகும்.