தறிக்குழியும் எடை குறைப்பு ஊசியும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் குழித்தறி நெய்பவர்களுக்கு உட்கார்ந்து நெய்வதைவிட எழுந்திருப்பதுதான் பெரும்பாடு. கால்கள் குழிக்குள் மிதியின் மேல் இருக்கும். எழ வேண்டுமென்றால் இரு கைகளையும் விளிம்பில் ஊன்றி, ஒரு காலை மடக்கி மேலே வைத்து, மொத்த உடம்பையும் அந்த ஒரு முட்டியின் மேல் ஏற்ற வேண்டும். ஐம்பதைத் தாண்டியவர் என்றால் எழுந்ததும் நடக்கமாட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிற்பார். கேட்டால், "ஜவ்வு தேஞ்சுபோச்சு" என்பார்.

இப்படிப்பட்டவர்களின் காதிலும் இப்போது ஒரு சேதி விழுகிறது: வாரம் ஒரு ஊசி போட்டால் உடம்பு இளைக்கும், முட்டிவலியும் போகும் என்று. பாதி உண்மை.

அந்த ஊசியின் பெயர் செமாக்ளூடைட். சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோனைப் போல வேலை செய்து பசியை அடக்குகிறது. இதை முட்டி தேய்மானம் உள்ள 407 பேரிடம் 11 நாடுகளில் 68 வாரம் சோதித்து, முடிவை 2024 அக்டோபரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்டார்கள். டென்மார்க்கின் ஹென்னிங் பிலிடால் தலைமையில் நடந்த ஆய்வு. மருந்து போட்டவர்களின் எடை சராசரியாக 13.7 சதவீதம் இறங்கியது. மருந்தில்லாத ஊசி போட்டவர்களுக்கு 3.2. நூறுக்கு எழுபது என்றிருந்த வலி, மருந்துக்காரர்களுக்கு ஏறத்தாழ 42 புள்ளி குறைந்தது. மற்றவர்களுக்கும் 27.5 புள்ளி குறைந்திருக்கிறது! இரு தரப்புக்கும் உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி ஆலோசனை தந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

எடை குறைந்தால் முட்டிக்கு என்ன லாபம்? ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியிலும் முட்டியின் மேல் விழும் பாரம் நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது என்று அமெரிக்காவில் ஸ்டீபன் மெஸ்ஸியர் குழு 2005இல் கணக்கிட்டது. பாரம் மட்டும் காரணமில்லை. கொழுப்புத் திசு அழற்சியைத் தூண்டும் ரசாயனங்களையும் சுரக்கிறது. பருமனானவர்களுக்குக் கை விரல் மூட்டும் அதிகம் தேய்கிறது. யாரும் கையால் நடப்பதில்லையே.

ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் யார்? சராசரி உடல் நிறை குறியீடு (பிஎம்ஐ) 40. ஐந்தடி ஓர் அங்குல உயரமுள்ள பெண்ணுக்கு அது 96 கிலோவுக்குச் சமம். தறியில் உட்காரும் ஒல்லியான மனிதருக்கு இந்த ஊசியால் முட்டியில் ஆகப்போவது ஒன்றுமில்லை. அவருக்கு இளைப்பதே கெடுதல். பலன் பெறக்கூடியவர்கள் வேறு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு அதிக எடை. அவர்களிலும் உடல் பருமன் முற்றியவர்களுக்கே டாக்டர் இதை யோசிப்பார்.

இந்த ஊசி இந்தியாவில் வெகோவி என்ற பெயரில் 2025 ஜூனில் வந்தபோது தொடக்க அளவுக்கே மாதம் 17,345 ரூபாய். செமாக்ளூடைடின் காப்புரிமை இங்கே 2026 மார்ச் வரைதான் என்பதால், விலை இறங்கும் என்று எல்லோரும் கண் வைத்திருந்தார்கள். விலை இறங்கினாலும் இரண்டு சங்கடங்கள் இறங்காது. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் வரலாம். நிறுத்தினால் குறைந்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிடும். டாக்டர் சீட்டு இல்லாமல் தெரிந்தவரிடம் வாங்கிப் போட்டுக்கொள்வது வெறும் விஷப்பரீட்சை.

இன்னொன்று, கொழுப்போடு சேர்ந்து தசையும் கரைகிறது. முட்டியைத் தாங்கிப் பிடிப்பதே தொடைத் தசைதான். அதனால் ஊசி போடுபவரும் நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, சில நொடி நிறுத்தி இறக்கும் பயிற்சியை விடக்கூடாது. பருப்பு, முட்டை, மீன் தட்டில் இருக்க வேண்டும். ஒல்லியான நெசவாளருக்கும் இதே பயிற்சிதான். இயன்முறை சிகிச்சைக்கு வெளியே போக முடியாதவர்களுக்கு 2021இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சொல்லித்தருகிறார்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.