மானின் ஏடு

காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலைகளின் கரையிலே மயிலும் அன்னமும் யாளியும் உலவும். அவற்றிடையே மானும் துள்ளும். தறியில் மாட்டிய அட்டை கிழிந்தால், வேறோர் அட்டையில் துளையிட்டு அந்த மானை மீண்டும் நெய்துகொள்ளலாம். காட்டு மானுக்கோ அவ்வாய்ப்பு இல்லை.

மணிப்பூரில் லோக்தாக் என்னும் பேரேரி உண்டு. நாணலும் மட்கிய வேரும் மண்ணும் பின்னிய மிதக்கும் புல்மேடுகள் அதன்மேல் பரந்துள்ளன. அவற்றைப் 'பும்டி' என்பர். அங்கே வாழ்வதே சங்காய் மான். 1951-இல் இவ்வினம் அற்றுப்போயிற்று எனக் கருதினர். 1953-இல் சில உயிரோடிருத்தல் புலனாயிற்று. 1975-இல் எண்ணியபோது கிடைத்தவை 14 மட்டுமே! 1977-இல் கைபுல் லாம்ஜாவோ தேசியப் பூங்கா அமைந்தது. 2016-இல் தொகை 260 ஆயிற்று.

தொகை பெருகிற்றே, இனி அச்சம் என்ன என்று நீங்கள் வினவலாம். அவை யாவும் ஒரு சில மான்களின் வழித்தோன்றல்கள். நெருங்கிய உறவுடையவை தம்முள் கூடினால், மறைந்திருந்த குறைகள் கன்றுகளிடம் வெளிப்படும். கொடிய நோய் ஒன்று வரின் பலவும் ஒருங்கே மடிதலும் கூடும். இவ்வுறவை வெளித்தோற்றத்தால் அறிய இயலாது. உயிரணுவினுள் எழுதப்பட்ட ஏட்டைப் படித்தே அறிதல் வேண்டும்.

அவ்வேட்டின் எழுத்துகள் நான்கே: அடெனின், குவானின், சைட்டோசின், தைமின். மானின் ஏட்டில் இவை 250 கோடிக்கு மேல் வரிசையாக நிற்கின்றன. கருவிகள் அதனை ஒரே மூச்சில் படிப்பதில்லை. துண்டு துண்டாகவே படிக்கும். ஒரு துண்டின் இறுதியும் மற்றொன்றின் தொடக்கமும் ஒத்திருத்தல் கண்டு கணிப்பொறி அவற்றை இணைக்கும். சிதைந்த ஓலைச்சுவடிகளைத் தரையிற் பரப்பி, எதன்பின் எது வரும் என்று என் ஆசிரியரோடு யானும் நாட்கணக்கில் ஒப்பிட்டதுண்டு. வேலை ஏறக்குறைய அதுவே, எழுத்துத்தான் வேறு! பின்னர்ப் பல மான்களின் ஏடுகளை அருகருகே வைத்து, பாட வேறுபாடு காண்பதுபோல் அறிஞர் வேறுபாடு காண்பர். சுவடி பதிப்பிக்கும் எங்களுக்கு வேறுபாடு தொல்லை. மானினத்துக்கோ அதுவே செல்வம்.

உறவு அறியும் அளவிற்கு மானைப் பிடித்து வருத்த வேண்டுவதில்லை. அதன் புழுக்கையே போதும். டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தாரும் பிறரும் ஆய்ந்து, சங்காயிடம் இச்செல்வம் குறைந்துள்ளமை கண்டனர். உயிர்க்காட்சிச் சாலைகளில் எம்மானை எதனோடு சேர்ப்பது, எவற்றைப் புதிய இடத்தில் குடியேற்றுவது என்பன இவ்வேட்டைப் பார்த்து முடிவு செய்யத்தக்கவை.

ஏடு படித்தலால் ஏரி திருந்திவிடாது. 1983-இல் இதாய் என்னுமிடத்தில் அணை எழுந்தபின் லோக்தாக்கின் நீர் ஆண்டு முழுதும் உயர்ந்தே நிற்கிறது. முன்பு வறண்ட பருவத்தில் பும்டி ஏரித் தரையில் அமரும். அதன் வேர்கள் மண்ணில் உணவு கொள்ளும். இப்பொழுது அஃது அமர்வதற்கு இடமின்றி மெலிந்துவருகிறது; மெலிந்த இடத்தில் மான் கால் வைத்தால் குளம்பு துளைத்துக்கொண்டு நீரில் இறங்குகிறது.