குதிரைப்பந்தயத் திடலில் இருந்து எழுந்த பதினான்கு விமானங்கள்

கொழும்புக் கறுவாத்தோட்டத்திலே பழைய குதிரைப்பந்தயத் திடலைக் கடந்து செல்லாத நகரவாசி இருத்தல் அரிது. அங்கே இன்று விளையாட்டு மைதானமும் அங்காடிகளும் உள. 1942-ஆம் ஆண்டிலே அது போர் விமானத் தளமாக இருந்தது என்று நாம் கூறின், இளைய வாசகர் சிலர் வியப்படையக்கூடும்.

அத்தளத்தில் இருந்தது பிரித்தானிய விமானப்படையின் 258-ஆம் அணி. சிங்கப்பூரிலும் சுமாத்திராவிலும் யப்பானியருடன் பொருதிச் சிதைந்துபோன அணி அது. ஜாவாவில் தங்க நேர்ந்த விமானிகள் சிலர் சிறைப்பட்டனர். தப்பிவந்த சிலரோடு புதியவர்களையும் சேர்த்து, மார்ச் மாதத்தில் இலங்கையிலே அவ்வணியை மீண்டும் அமைத்தனர். தலைவர் பீற்றர் பிளெச்சர். கிடைத்தவையோ ஹரிக்கேன் விமானங்கள். அவற்றுள்ளும் சில வலுக்குறைந்த பழைய வகையின.

ஏப்பிரல் 4-ஆந் திகதி, கொக்கலையில் இருந்து கற்றலினா விமானத்திற் சென்ற கனேடியரான லெனாட் பேர்ச்சல், தென்கிழக்குக் கடலிலே யப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். அனுப்பிய சிறிது நேரத்தில் அவரது விமானம் வீழ்த்தப்பட்டது, அவரும் சிறைப்பட்டார்.

மறுநாள் உயிர்த்த ஞாயிறு. இத்தனை எச்சரிக்கை கிடைத்திருந்தும், பகைவர் தலைக்கு மேல் வரும்வரை தளங்களுக்குத் தகவல் எட்டவில்லை! இது மன்னிக்க முடியாத தவறு என்பதே எமது எண்ணம். காலை ஏழரை மணியளவில், இரத்மலானையில் இருந்த 30-ஆம் அணியினர் குண்டு விழும் வேளையிலேயே மேலெழ வேண்டியதாயிற்று. பந்தயத் திடலில் ஒரு தளம் உண்டென்பதை யப்பானியர் அறிந்திருக்கவில்லை. ஆதலால் 258-ஆம் அணியின் 14 விமானங்களும் இடையூறின்றி எழுந்தன.

எழுந்தும் பயன் என்ன? வானப்போரிலே உயரமே பெரும்பலம். மேலே நிற்பவன் பாய்ந்து சுட்டுவிட்டு விலகலாம்; கீழிருந்து ஏறுபவனோ வேகம் இழந்து இலக்காகிறான். யப்பானியரின் சீறோ விமானம் ஹரிக்கேனிலும் குறுகிய வட்டத்திலே திரும்பவல்லது. துறைமுகத்தைத் தாக்கிய குண்டு விமானங்களை நோக்கி நம் விமானிகள் விரைந்தபோது, மேலிருந்த சீறோக்கள் அவர்கள்மீது இறங்கின. 14 விமானங்களில் 9 அழிந்தன. 5 விமானிகள் மாண்டனர். பிளெச்சரும் வீழ்த்தப்பட்டார், ஆயினும் காயங்களுடன் உயிர் தப்பினார்.

பகைவரைப் பெருந்தொகையாக வீழ்த்தியதாக அன்று பெருமை பேசப்பட்டது. கொழும்பில் யப்பானியர் இழந்தவை ஏழு விமானங்களே என்பது பின்னர் அவர்களுடைய பதிவுகளால் தெரியவந்தது. துறைமுகத்திலே ஹெக்டர், ரெனெடொஸ் என்னும் இரு கப்பல்கள் மூழ்கின. நகர மக்களிற் பலர் மூட்டை முடிச்சுகளுடன் புகையிரத நிலையங்களை நோக்கி ஓடினர்.

258-ஆம் அணி மீண்டும் ஆள் சேர்த்துக்கொண்டு, 1943-இல் பர்மியப் போர்முனைக்குச் சென்றது. அடுத்த ஆண்டு ஹரிக்கேனுக்குப் பதிலாகத் தண்டர்போல்ற் விமானங்கள் அதற்கு வழங்கப்பட்டன. 1945 டிசம்பர் 31-ஆந் திகதி அது கலைக்கப்பட்டது.