சுங்கச் சாவடிக்கு அப்பால் ஒரு பண்டகசாலை

கனடா நாட்டின் மேற்குக் கரையிலுள்ள வான்கூவர் துறைமுகத்திலிருந்து தெற்கே ஏறக்குறைய 230 கிலோமீட்டர் சென்றால், அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த சியாட்டில் நகரத்தை அடையலாம். இடையே எல்லை, எல்லையில் சுங்கச் சாவடி, அதன் அருகே 1921-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட வெண்ணிறமான அமைதி வளைவு. 1960-களில் இந்தச் சாலை வழியே வான்கூவர் இளைஞர் பலர் தெற்கு நோக்கிச் சென்றது வேடிக்கை பார்ப்பதற்கு அன்று. மலையேறுவதற்கு வேண்டிய கயிறு, பனிக்கோடரி, பூட்ஸ், உறக்கப் பை, கூடாரம் முதலியவை தம் ஊரில் நல்லனவாகவும் அடக்கவிலையிலும் கிடைக்காமையால், அவற்றை வாங்கிவருவதற்கே சென்றார்கள்.

நெசவாளரும் விவசாயியும் படிக்கும் இந்த இதழில் பனிக்கோடரிக்கு என்ன இடம் என்று அன்பர்கள் கேட்கலாம். அவர்கள் தேடிச் சென்ற கடை ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை. போய்வந்து சலித்தவர்கள் பின்னர்த் தம் ஊரிலேயே ஒரு கூட்டுறவுச் சங்கம் கண்டார்கள். அச்சங்கம் 49 ஆண்டுகள் வளர்ந்து, 50 லட்சத்துக்கு மேற்பட்ட அங்கத்தினரைப் பெற்று, அவர்களுடைய வாக்கைக் கேளாமலே ஒரு நாள் விற்கப்பட்டது. சங்கக் கணக்குகளைப் பார்ப்பதே தொழிலாகக் கொண்ட நமக்கு இந்த வரலாறு சில இரவுகள் உறக்கத்தைக் கெடுத்தது என்றால் மிகையன்று.

முதலில் சியாட்டில் கடையைப் பற்றிச் சொல்லவேண்டும். அங்கே லாயிட் ஆண்டர்சன், மேரி ஆண்டர்சன் என்னும் தம்பதிகள் இருந்தனர். இருவரும் மலையேறுவதில் பற்றுடையவர்கள். 1930-களின் நடுவில் லாயிட் ஆண்டர்சனுக்கு நல்ல பனிக்கோடரி ஒன்று தேவைப்பட்டது. உள்ளூர்க் கடைகளில் கேட்ட விலையோ பன்மடங்கு. ஐரோப்பாவில் ஆஸ்திரிய நாட்டுக் கடை ஒன்றின் விலைப்பட்டியலைக் கண்டு அங்கே எழுதினார். தபால் செலவு உட்பட மூன்றரை டாலருக்குக் கோடரி வீடு வந்து சேர்ந்தது. நண்பர்கள் தங்களுக்கும் வேண்டுமென்று கேட்டார்கள். 1938-ஆம் ஆண்டில் 23 பேர் ஆளுக்கு ஒரு டாலர் செலுத்திச் சங்கம் ஏற்படுத்தினர். ஆர்.இ.ஐ. என்னும் மூன்றெழுத்தால் இன்று அறியப்படுவது அதுவே. ஆக, எல்லைக்கு அப்பாலிருந்து வாங்கும் தேவையே அச்சங்கத்துக்கும் வித்தாயிற்று.

அதன் விதிகளில் நமக்குப் புதிதாக ஒன்றுமில்லை. 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 தொழிலாளர் (அவர்களுள் பலர் நெசவாளர் என்பதை நம் சங்கத்தார் பெருமையுடன் நினைவுகூரலாம்) வகுத்த முறைதான்: ஒருவருக்கு ஒரு வாக்கு, ஆண்டு இறுதியில் மிச்சமானதை, பங்குக்கு ஏற்ப அல்லாமல், அவரவர் வாங்கிய சரக்குக்கு ஏற்பப் பிரித்துக்கொடுத்தல். முழுவிலைக்கு வாங்கிய சாமான்களின்மீது இந்தப் பங்கீடு வழக்கமாக நூற்றுக்குப் பத்து என்ற அளவில் கிடைத்துவந்தது. 1955-ஆம் ஆண்டில்தான் முழுநேரச் சிப்பந்தி ஒருவரை அமர்த்தினர். அவர் ஜிம் விட்டேக்கர். 1963-ஆம் ஆண்டில் எவரெஸ்ட் சிகரத்தில் கால்வைத்த முதல் அமெரிக்கர் அவரே. உடன் ஏறியவர் நம் டார்ஜிலிங்கில் வாழ்ந்த நவாங் கோம்பு. பண்டகசாலைச் சிப்பந்தி எவரெஸ்ட் ஏறிய செய்தியை நம் சிப்பந்திகள் அறியவேண்டும் என்பதற்காகவே இதை எழுதினோம்.

இனி வான்கூவர் மாணவர்களிடம் வருவோம். சியாட்டில் சங்கத்தில் கனடா நாட்டினரும் அங்கத்தினராகச் சேரலாம். ஆனால் வாங்கிய சாமானோடு திரும்பும்போது சுங்கச் சாவடியில் பைகளை அவிழ்க்கவேண்டும், தீர்வை கட்டவேண்டும். புதுப் பூட்சில் மண்ணைப் பூசி அணிந்துவருவது எல்லைப்புற ஊர்கள் எல்லாவற்றிலும் தெரிந்த தந்திரந்தான். எனினும் எத்தனை முறை பூசுவது? 1971-ஆம் ஆண்டில் வான்கூவரில் ஆறு பேர் கூடி, ஆளுக்கு ஐந்து டாலர் பங்குத் தொகை செலுத்தி, மலைச் சாதனக் கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்தனர். எம்.இ.சி. என்பது அதன் சுருக்கப் பெயர். சரக்கை மொத்தமாகத் தருவித்து, தீர்வையை ஒரேயடியாகக் கட்டி, அங்கத்தினருக்குக் குறைந்த இலாபத்தில் விற்பது நோக்கம். நூல் வியாபாரியிடம் கடனுக்கு நூல் வாங்கி, அவர் சொன்ன விலைக்கே சேலையைக் கொடுத்துவந்த நெசவாளர்கள் சங்கம் கண்டதற்கும் இதற்கும் அடிப்படையில் வேற்றுமை இல்லை.

வேட்டைக்காரர்களின் கதை வேறு. கனடாவின் நடுப்பகுதியிலுள்ள வின்னிபெக் நகரத்து வேட்டைக்காரர்களும் மீன்பிடிப்பவர்களும், தெற்கே மின்னசோட்டா மாநிலத்திலுள்ள கிழக்கு கிராண்டு ஃபோர்க்சுக்குச் செல்வது வழக்கமாயிற்று. அங்கே கபேலாஸ் என்னும் பெரிய கம்பெனி 1999-ஆம் ஆண்டில் ஒரு கடை திறந்திருந்தது. நெப்ராஸ்கா மாநிலத்தில் 1961-ஆம் ஆண்டில் டிக் கபேலா என்பவர் செயற்கை ஈத் தூண்டில்களைத் தபாலில் விற்கத் தொடங்கி வளர்த்த கம்பெனி அது. துப்பாக்கி வாங்கினால் உரிமச் சீட்டும் சாவடியில் அறிவிப்பும் வேண்டும். கனடாவுக்குள் கைத்துப்பாக்கி கொண்டுவருவதைத் தனியார்க்கு 2022 ஆகஸ்டில் தடுத்தேவிட்டனர். ஆகவே கூடைகளில் நிறைந்தவை பெரும்பாலும் பூட்ஸ், காட்டுநிறச் சட்டை, தொலைநோக்கி, வாத்துகளை ஏமாற்றி இறக்கும் பொம்மை வாத்து இவைதாம். கனடா அரசின் விதி, 2012 ஜூன் முதல், இவ்வாறு: அன்றே போய் அன்றே திரும்பினால் வரிச் சலுகை இல்லை, 24 மணி நேரம் தங்கினால் 200 டாலர் வரையிலும், 48 மணி நேரம் தங்கினால் 800 டாலர் வரையிலும் சலுகை உண்டு. சலுகைக்காக விடுதியில் தங்கி, மிச்சம் பிடித்ததை விடுதிக்காரரிடம் கொடுத்துவந்தவர்களும் இருந்திருப்பார்கள். கணக்கு எழுதிப் பார்க்கும் பழக்கம் எங்கும் குறைவுதான்.

இந்த வேட்டைக்காரர்கள் சங்கம் காணவில்லை. அவர்களுடைய கார்களை எண்ணிப் பார்த்த கம்பெனியே எல்லையைக் கடந்து வந்தது. 2008-ஆம் ஆண்டில் வின்னிபெக்கில் கடை திறந்தது. பயணம் மிச்சமாயிற்று. விலையை வைப்பவர் யார் என்பதில் மட்டும் மாற்றமில்லை. பிறகு 2017-இல் அந்தக் கம்பெனியையும் அதனினும் பெரிய கம்பெனி வாங்கிக்கொண்டது.

வான்கூவர் சங்கமோ ஆண்டுக்காண்டு ஓங்கியது. கனடா முழுவதிலும் 22 கடைகள் ஏற்பட்டன. பங்குத் தொகை 1971-இல் இருந்த ஐந்து டாலராகவே கடைசிவரை நின்றது. இது ஏழை எளியவரும் சேருவதற்கு உகந்தது என்று புகழப்பட்டது, புகழ்ச்சி நியாயமே. ஆனால் தணிக்கைக் கண்ணோடு பார்த்தால் மற்றொன்றும் தெரிகிறது. 50 லட்சம் பேரின் நுழைவுப் பங்கையும் கூட்டினால் இரண்டரைக் கோடி டாலர். 2020 பிப்ரவரியில் முடிந்த ஒரே கணக்காண்டில் சங்கம் அடைந்த நட்டம் 2 கோடி டாலருக்கு மேல்! புதிய தலைமை அலுவலகம், புதிய கடைகள், சரக்குத் தேக்கம், கணினி வழியாக வீட்டிலிருந்தே வாங்கும் வழக்கத்தால் வந்த போட்டி என்று காரணங்கள் பல. பெரும் செலவுகளுக்கு வங்கிக் கடனே ஊன்றுகோலாக இருந்தது.

பணத்தைவிட நம்மைக் கவலைக்குள்ளாக்கியது வேறு. ஐந்து டாலர் கொடுத்துச் சீட்டுப் பெற்றவர்களில் பெரும்பாலோர் தம்மை வாடிக்கைக்காரர் என்றே எண்ணினார்கள். நிர்வாகக் குழுத் தேர்தலில் வாக்களித்தவர்கள் மிகச் சிறுபகுதியினரே. 2018-ஆம் ஆண்டு மார்ச்சில் ஒரு பெரிய பிரச்சினை எழுந்தது. ஃபுளோரிடாவில் ஒரு பள்ளியில் நடந்த துப்பாக்கிப் படுகொலைக்குப் பின், துப்பாக்கியும் தோட்டாவும் செய்யும் விஸ்டா என்னும் கம்பெனிக்குச் சொந்தமான தண்ணீர்ப் பை, மூக்குக்கண்ணாடி முதலிய சரக்குகளையும் விற்கலாகாது என்று பல்லாயிரம் பேர் விண்ணப்பம் எழுதினர். சியாட்டில் சங்கமும் வான்கூவர் சங்கமும் அச்சரக்குகளுக்கு மேற்கொண்டு ஆர்டர் கொடுப்பதை நிறுத்தின. வேட்டையாடும் அங்கத்தினர் சினந்தனர், ஏனையோர் மகிழ்ந்தனர். எது சரி என்பதை நாம் இங்கே தீர்ப்பளிக்கவில்லை. வான்கூவரில் அந்த முடிவு பொதுச்சபையின் தீர்மானமாக வெளிவரவில்லை. தலைமை நிர்வாகியின் பகிரங்கக் கடிதமாக வெளிவந்தது. அதைக் குறித்துக்கொள்ளவேண்டும்.

நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில், பொதுச்சபைக் கூட்ட நடவடிக்கைப் புத்தகம் மிக ஒழுங்காக இருந்தது. கோரம் நிறைவு, கையொப்பங்கள் வரிசையாக. ஒரு முதியவரிடம், “கூட்டத்தில் என்ன பேசினார்கள் ஐயா?” என்று கேட்டோம். “கூட்டமா? நோட்டு வந்தது தம்பி, போட்டுக் கொடுத்தேன்” என்றார். கூட்டம் அங்கத்தினரைத் தேடி வீடுவீடாக நடந்திருக்கிறது! கையொப்பமிட்டவர்களுள் இருவர் முந்திய ஆண்டே காலமானவர்கள். வான்கூவர் செய்தியைப் படித்தபோது அந்த நோட்டுப் புத்தகமே நம் கண்முன் நின்றது.

2020-ஆம் ஆண்டு மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் கடைகள் மூடப்பட்டன. அம்மாதம் 21-ஆம் தேதி முதல் அமெரிக்க–கனடா எல்லையும் அவசியமற்ற பயணங்களுக்கு அடைக்கப்பட்டது. வங்கிக் கடனின் தவணை நெருங்கியது. செப்டம்பர் 14-ஆம் தேதி, சங்கத்தின் சொத்துக்களை அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து முதலீட்டுக் கம்பெனி ஒன்றுக்கு விற்க முடிவு செய்திருப்பதாக நிர்வாகக் குழு அறிவித்தது. 22 கடைகளில் 17-ஐயேனும் நடத்துவோம் என்பது வாங்கியவர் அளித்த உறுதி.

அங்கத்தினர் திடுக்கிட்டனர். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் எதிர்ப்பு விண்ணப்பத்தில் ஒப்பமிட்டனர். நன்கொடை திரட்டி வழக்கறிஞர் அமர்த்தினர். சாதாரண காலத்தில் அந்த மாகாணக் கூட்டுறவுச் சட்டப்படி, சங்கத்தின் சொத்து முழுவதையும் விற்பதற்கு அங்கத்தினரின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். ஆனால் நிர்வாகக் குழு, கடன்பட்ட நிறுவனங்களுக்குப் பாதுகாப்பளிக்கும் மத்தியச் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தை அணுகியிருந்தது. அச்சட்டத்தின்படி நீதிமன்றத்தின் ஒப்புதலே போதும். மாற்று ஏற்பாட்டுக்கு அவகாசம் கேட்டனர் அங்கத்தினர். கடன்காரரின் நெருக்கடியையும் சிப்பந்திகளின் வேலையையும் கருதிய நீதிமன்றம் அவகாசம் தர மறுத்து, அக்டோபர் 2-ஆம் தேதி விற்பனைக்கு இசைந்தது. அன்று வான்கூவர் அங்கத்தினர் ஒருவர் பூட்ஸ் வாங்குவதற்கு எல்லையைக் கடக்க முடியாது. அவருடைய சங்கம் மட்டும் கடந்து சென்றுவிட்டது. பெயரிலிருந்த ‘கூட்டுறவு’ நீங்கி, அவ்விடத்தில் ‘கம்பெனி’ வந்தது.

நீதிபதியைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஒரு லட்சம் கையொப்பம் செப்டம்பரில் வந்தது. நட்டக் கணக்கு அதற்கு முன்பே அச்சாகியிருந்தது. அதைப் படித்து, கடன் ஏன் ஏறுகிறது என்று பொதுச்சபையில் எழுந்து கேட்பதற்கு அந்த லட்சத்தில் ஆயிரம் பேர் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணத்தை மட்டும் தவிர்க்க முடியவில்லை.

சியாட்டில் சங்கம் இன்றும் கூட்டுறவாகவே நடக்கிறது. 2 கோடிக்கு மேற்பட்ட அங்கத்தினர், ஆயுள் சந்தா 30 டாலர். அங்கும் பூசல் இல்லாமல் இல்லை. 2022 முதல் சில கடைகளின் சிப்பந்திகள் தொழிற்சங்கம் அமைத்தனர். அவர்களுக்கு ஆதரவான வேட்பாளர்களை நிர்வாகக் குழு தேர்தல் சீட்டிலேயே சேர்க்கவில்லை. 2025-ஆம் ஆண்டுத் தேர்தலில் அங்கத்தினர் வாக்களித்து, குழு நிறுத்திய வேட்பாளர்களை நிராகரித்தனர்.

அதே 2025-ஆம் ஆண்டில், இரு நாடுகளுக்கும் இடையே இறக்குமதித் தீர்வைச் சண்டை மூண்டு, கனடா மக்கள் தெற்கே சென்று சாமான் வாங்குவது வெகுவாகக் குறைந்தது. உள்நாட்டுக் கடையிலேயே வாங்குவோம் என்ற பேச்சு எங்கும் எழுந்தது. மே மாதத்தில் எம்.இ.சி. கம்பெனியைக் கனடா நாட்டு முதலீட்டாளர் சிலர் விலைக்கு வாங்கினர். கடை எல்லைக்கு இப்பால் திரும்பிவிட்டது; ஐந்து டாலர் கொடுத்தவர்களிடம் திரும்பவில்லை.