மாடி போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா?

"மோட்டாரை நிறுத்திடலாம்னு பார்க்கிறேன். தண்ணி இல்லேன்னா தானா காலி பண்ணிண்டு போயிடுவா இல்லையா?"

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவிலிருக்கும் மாமி இப்படிக் கேட்டதும் எனக்குப் பகீரென்றது. கணவரை இழந்தவர். மாடி போர்ஷன் வாடகையில்தான் அவருக்குச் சாப்பாடு, மருந்து எல்லாமே. குடித்தனக்காரர் மூன்று மாதமாக வாடகை தரவில்லை. கோபம் நியாயம்தான். ஆனால் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. புகார் கொடுக்க வேண்டிய மாமியே புகாருக்கு ஆளாகியிருப்பார்!

தமிழ்நாட்டில் 1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீடு வைத்திருக்கும் சகோதரிகள் வழக்கமாகக் கேட்கும் சந்தேகங்களைப் பார்ப்போம்.

வாய்ப்பேச்சு போதாதா?

போதாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும். "பதினோரு மாசத்துக்கு எழுதினா பதிவே வேண்டாம்" என்பார்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிவு செய்யவேண்டும் என்பதால் வந்த பழக்கம் அது. வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு வேறு.

அட்வான்ஸ் எவ்வளவு வாங்கலாம்?

ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக் கொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கியைக் கழித்துக்கொண்டு திருப்பித் தரவேண்டும். வந்த பணத்தைச் செலவழித்துவிட்டு அப்போது தவிக்காதீர்கள்!

பன்னிரண்டு வருஷம் இருந்தால் வீடு அவர்களுக்கே சொந்தமாகிவிடுமா?

இந்தப் பயம் நிறையப் பேருக்கு உண்டு. உங்கள் சம்மதத்தோடு, வாடகைக்கு என்று குடிவந்தவர் எத்தனை வருஷம் இருந்தாலும் குடித்தனக்காரர்தான். ஒவ்வொரு மாதமும் ரசீது கொடுத்து, அடிக்கட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அதுவே சாட்சி.

நம் வீடுதானே, நினைத்தபோது உள்ளே போகலாமா?

கூடாது. ரிப்பேர் பார்க்க, நிலைமையைப் பார்க்கப் போகலாம். ஆனால் 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் தெரிவிக்கவேண்டும்.

வாடகையே தராவிட்டால்?

இரண்டு மாத பாக்கி சேர்ந்ததும், தொகையைக் குறிப்பிட்டு நோட்டீஸ் அனுப்புங்கள். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் காலி செய்யச் சொல்லி மனுப் போடலாம். பூட்டுப் போடுவதோ, சாமான்களை வெளியே வைப்பதோ கூடவே கூடாது.

நல்லவேளை, மாமி ஒப்பந்தம் எழுதி வைத்திருந்தார். மோட்டாரைத் தொடாமல் வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்பினார். இரண்டே வாரத்தில் பாதிப் பணம் வந்தது. மீதிக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

"ஆத்திரத்தில் என்னவோ செய்ய இருந்தேன்டீ!" என்கிறார் இப்போது. ஒப்பந்தம், ரசீது, நோட்டீஸ் நகல் மூன்றையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள், சகோதரிகளே. சமயத்தில் கைகொடுக்கும்.