கேட்ட செய்தியும் துணிந்த பொருளும்

அறிவு பெறும் வாயில்களைச் சைவ சித்தாந்திகள் காண்டல், கருதல், உரை என மூன்றாக அடக்கிக் கூறுவர். இவ்வளவை முறை சமய ஆராய்ச்சிக்கு மட்டுமே உரியதெனப் பலர் எண்ணுகின்றனர். அங்காடியிலும் வங்கியிலும் வழங்கும் செய்திகளைச் சீர்தூக்குதற்கும் அதுவே ஏற்ற கருவியாகும். ஐக்கிய அமெரிக்காவில் கடன் அட்டை வாடிக்கையாளரிடையே பரவும் ஒருவகைச் செய்தியை எடுத்துக்கொண்டு இதனை விளக்குவாம்.

அந்நாட்டில் கடன் அட்டை கொண்டு பொருள் வாங்குவோர்க்கு வங்கிகள் வெகுமதி வழங்குகின்றன. செலவுக்கேற்பப் புள்ளிகளோ, விமானப் பயணத்துக்குரிய மைல்களோ, சிறு பணமோ கிடைக்கும். இவ்வெகுமதிக்குரிய பொருள் பெரும்பாலும் வணிகரிடமிருந்தே வருகின்றது. நூறு டொலருக்கு விற்ற வணிகர் ஏறக்குறைய இரண்டு டொலரைக் கட்டணமாக இழக்கின்றார். அதன் பெரும்பகுதியைப் பெறும் வங்கி, அதில் ஒரு கூற்றை வாடிக்கையாளருக்கு அளிக்கின்றது. மாதந்தோறும் கடன் முழுவதையும் தீர்ப்பவரிடம் வங்கிக்கு வட்டி வருவாய் இல்லை. அத்தகையோருள் சிலர், நுகர்வதற்கன்றிப் புள்ளி ஈட்டுதற்கென்றே செலவு செய்யும் வழிகளைத் தேடினர்.

அமெரிக்க நாணயசாலை, ஒரு டொலர் நாணயங்களைப் புழக்கத்தில் விடும் நோக்குடன், 2008 ஆம் ஆண்டிலிருந்து அவற்றை முகப்பெறுமதிக்கே விற்று, அனுப்புஞ் செலவையும் தானே ஏற்றது. சிலர் கடன் அட்டையால் நாணயங்களைப் பெட்டி பெட்டியாக வாங்கி, அவற்றை வங்கியில் வைப்புச் செய்து, அப்பணத்தைக் கொண்டே அட்டைக் கடனைத் தீர்த்தனர். கைப்பொருள் ஒரு சதமும் குறையாமல் மைல்கள் சேர்ந்தன. 2011 யூலையில் நாணயசாலை இவ்விற்பனைக்குக் கடன் அட்டையை ஏற்பதை நிறுத்தியது. பரிசு அட்டைகளை வாங்கி, அவற்றாற் காசுக்கட்டளை பெற்று, அதனை வங்கியிலிட்டுக் கடன் தீர்க்கும் வழியும் இதனை ஒத்ததே.

இவ்வழியிற் சென்றோர் சிலரின் கணக்குகளை வங்கிகள் மூடியதுண்டு. அவர்கள் பிறர்க்குக் கூறுவது பெரும்பாலும் இவ்வடிவில் அமையும்: ‘வங்கி என் கணக்கை மூடிவிட்டது, காசுக்கட்டளை இட்டதே காரணம், நீங்கள் இனி இவ்வாறு செய்யுங்கள்.’ ஒரே செய்திபோலத் தோன்றும் இதனுள் மூன்று செய்திகள் உள. கணக்கு மூடப்பட்டமை அவர் கண்டது. காரணம் இன்னதென்பது அவர் கருதியது. இவ்வாறு செய்க என்பது அவர் உரைப்பது. கண்டதன் உறுதி மற்றை இரண்டற்கும் தானே சென்று சேராது. கண்டதிலும் ஐயம் நீக்க வேண்டும். மூடப்பட்டது அட்டைக் கணக்கு மட்டுமா, சம்பளம் வந்து சேரும் வைப்புக் கணக்குமா என்பது தெளிவாதல் வேண்டும்.

காரணத்தை வங்கியே கூறலாகாதா எனின், சிலவிடத்து அது கூறவியலாது. 1970 ஆம் ஆண்டின் வங்கி இரகசியச் சட்டமும் அதன்மேல் எழுந்த திருத்தங்களும், ஐயத்துக்குரிய கொடுக்கல் வாங்கல்களை அரசுக்கு அறிவிக்கும் கடமையை வங்கிகளின்மேற் சுமத்தின. அவ்வாறு அறிவித்த செய்தியை உரிய வாடிக்கையாளருக்கு வெளியிடுதல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. கடன் கணக்கை மூடும்போது பெரும்பாலும் முப்பது நாட்களுக்குள் காரணம் அறிவிக்க வேண்டும் என மற்றொரு சட்டம் விதிக்கின்றது. வைப்புக் கணக்கிற்கு அவ்விதி பொருந்தாது. ஆதலின் வாடிக்கையாளர் கையிற் கிடைப்பது பெரும்பாலும் ஒரு சிறு கடிதமே. வங்கி மௌனஞ் சாதிக்குமிடத்து ஊகம் பேசத் தொடங்குகின்றது.

இவ்வூகத்தில் நேரும் வழுவைத் தருக்க நூலார் பண்டே கண்டனர். புகையுள்ள இடத்தில் நெருப்புண்டு என்பது மெய். நெருப்புள்ள இடமெல்லாம் புகையுண்டு என்பது பொய். பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்பு இருந்தும் புகையில்லை. ஈரவிறகு சேர்ந்தவிடத்தே புகை எழும். அவ்வீரவிறகை அவர்கள் உபாதி என்பர். காசுக்கட்டளை இட்டவர், சில மாதங்களுக்குள் பல அட்டைகளைப் பெற்றவராயும் இருத்தல் கூடும். தாம் அறிவித்த வருமானத்துக்கு மிஞ்சிச் செலவு செய்தவராயும் இருத்தல் கூடும். இவற்றுள் எது ஈரவிறகு என்பதை ஒருவர் கூற்றைக் கொண்டு துணிய முடியாது.

மேலும், உடன்பாட்டை மட்டும் நோக்கி எதிர்மறையை நோக்காது விடுதல் பெரும்பிழை. கணக்கு மூடப்பட்டவர் முறையிடுவர், மூடப்படாதவர் வாளாவிருப்பர். இருபது பேர் முறையிட்டனர் என வைத்துக்கொள்வோம். அச்செயலைச் செய்தோர் நாற்பதின்மராயின் இருவருக்கு ஒருவர் கேடுற்றார். இருபதினாயிரவராயின் ஆயிரவருக்கு ஒருவரே கேடுற்றார். இருபது என்னும் எண் இரண்டிடத்தும் ஒன்றே. பொருளோ முற்றும் வேறு.

இனி உரையை நோக்குவாம். பொருளை உள்ளவாறு அறிந்து, அறிந்தவாறே கூறுபவனை ஆப்தன் என்பர். ஆகவே கூறுபவரிடம் அறிவும் வேண்டும், வஞ்சமின்மையும் வேண்டும். தமக்கு நேர்ந்ததைக் கூறுபவரும், பிறர் சொற்கேட்டுக் கூறுபவரும் ஒப்பாகார். ஒருவர் கூற்றைப் பதின்மர் திருப்பிச் சொன்னால் சான்று பத்தாகாது, ஒன்றே. புதிய அட்டைக்கு ஆள் சேர்த்துத் தரகு பெறுவோர், அட்டையினால் வரும் நலத்தை மிகுத்தும் இடரைக் குறைத்தும் கூற இடமுண்டு.

ஆராயாது ஏற்ற உரையினால் வரும் கேட்டிற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவாம். பத்தாயிரம் டொலருக்கு மேற்பட்ட காசு வைப்பை வங்கி அரசுக்கு அறிவிக்க வேண்டும். அவ்வறிக்கை தன்னளவிற் குற்றச்சாட்டன்று. ஆயினும் அதற்கு அஞ்சி, ‘பத்தாயிரத்துக்குக் குறைவாகப் பிரித்துப் பிரித்து இடுக’ என அறிவுரை கூறுவோர் உளர். அறிக்கையைத் தவிர்க்கும் நோக்குடன் அவ்வாறு பிரிப்பதே 1986 முதல் அந்நாட்டிற் குற்றமாகும். பணம் நேர்மையாக ஈட்டியதாயினும் சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. புள்ளியை இழக்க அஞ்சியவர், நண்பர் சொற்கேட்டுக் குற்றவாளியாதலும் கூடும்.

அங்ஙனமாயின் இத்தகைய செய்திகளை முற்றும் தள்ளிவிடலாமோ எனின், அதுவும் தகாது. வங்கி பேசாதவிடத்து வாடிக்கையாளர் கூற்றே கிடைக்கும் சான்று. நாள், தொகை, கணக்கின் வகை, கடிதத்தின் வாசகம் என்பன குறித்து, ஒருவரையொருவர் அறியாத பலர் தனித்தனியே கூறுவன ஒத்திருப்பின், அவற்றுக்கு வலிமை மிகும். காரணம் புலப்படாதபோதும் செய்யத்தக்க செயல்களும் உள. குடும்பச் செலவுக்குரிய பணத்தை வேறொரு வங்கியிலும் வைத்தல், ஈட்டிய புள்ளிகளைக் குவித்து வையாது காலத்தே பயன்படுத்தல் ஆகியன, ஊகம் பொய்த்தாலும் இழப்புத் தாராதவை. சிறு செலவிற் பெருங்கேட்டைத் தடுக்கும் செயலுக்குச் சிறு சான்றும் போதும். பெருங்கேட்டில் வீழ்த்தக்கூடிய செயலுக்கு ஐயமற்ற சான்று வேண்டும்.

ஆகவே, ஒரு செய்தி செவிப்பட்டவுடன், இதிற் கண்டது எது, கருதியது எது, கூறியவர் யார், கூறாதிருப்போர் எத்துணையர் என்று வினவுதல் கற்றார் கடனாகும். வகுப்பறையிற் பயிலும் அளவை நூல் வாழ்க்கையிற் பயன்படுவது இவ்வினாக்களிலேதான்.