பக்கத்து ஊரில் மழை, நம்ம ஊரில் காற்று: ஏன்?

ஆனி, ஆடி மாதங்களில் வால்பாறையில் குடையை மடக்க முடியாது. மலையிறங்கி உடுமலை தாண்டி தாராபுரம் பக்கம் வந்தால் காற்றுதான் வீசும். மழை எப்போதாவது தூறினால் உண்டு. இடையில் இருப்பது சில மணி நேரப் பயணம்தான்.

காரணம், நடுவில் நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலை. அரபிக்கடலில் இருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஏறஏறக் குளிர்ந்து, அந்தப் பக்கமே மழையாகக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி இறங்கும்போது காற்று சூடேறிக் காய்ந்துவிடும். இதைத்தான் மழை மறைவுப் பகுதி என்கிறோம். கேரளத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை, நமக்கோ 900 மி.மீ.யை ஒட்டித்தான்.

மலைச் சுவரில் சில வாசல்களும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கி.மீ. அகலம். அதன் வழியே வரும் ஈரக்காற்றால்தான் பொள்ளாச்சிப் பக்கம் ஆடிச் சாரல். செங்கோட்டைக் கணவாய் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் சாரல் தருகிறது. ஆரல்வாய்மொழியில் காற்று பலமாக வீசும், முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். நீலகிரிக்குள்ளேயே பாருங்கள்: மேற்கே கூடலூர் தென்மேற்குப் பருவமழையில் நனையும், கிழக்கே கோத்தகிரி வடகிழக்குக்குக் காத்திருக்கும். ஒரே மாவட்டம் என்பதால் ஒரே பட்டம் என்று நினைப்பது தவறு.

அக்டோபரில் காற்று திசை மாறி வங்கக் கடலைத் தாண்டி வருகிறது. நமது ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி டிசம்பருக்குள் கிடைத்துவிடும். ஆனால் இந்த மழை காற்றழுத்தத் தாழ்வுகளையும் புயல்களையும் நம்பியது. கடலோரத்துக்கு அதிகம், உள்ளே போகப் போகக் குறைவு. பெய்தால் சில நாளில் கொட்டித் தீர்க்கும், இல்லாவிட்டால் ஏமாற்றும். 2016இல் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 946 மி.மீ. கொட்டியது. சராசரியை மட்டும் நம்பி விதைப்பவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டெல்டா நண்பர்களின் கதை வேறு. மேட்டூருக்கு வரும் தண்ணீர் பெரும்பாலும் குடகு மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை. குறுவை அதை நம்பியது. சம்பாவுக்கோ அணைத் தண்ணீரோடு உங்கள் தலைக்கு மேல் பெய்யும் மழையும் வேண்டும்.

'எல் நினோ வருகிறது' என்று செய்தி வந்தால் எல்லோரும் பயப்படுகிறார்கள். பசிபிக் கடல் சூடாகும் அந்த ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் தளரும், மேட்டூர் வரத்து குறையலாம். ஆனால் தமிழகத்துக்கு வடகிழக்குப் பருவமழை பல முறை நன்றாகவே பெய்திருக்கிறது. சென்னை வெள்ளத்தில் மிதந்த 2015 எல் நினோ ஆண்டுதான். எனவே மானாவாரிக்காரர்கள் அந்தச் செய்தியைக் கேட்டதும் நிலத்தைத் தரிசாகப் போட வேண்டாம்.

வானிலை அறிக்கையில் ஒரு வார்த்தையைக் கவனியுங்கள். 'ஓரிரு இடங்களில் மழை' என்றால், அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால்வாசி அல்லது அதற்கும் குறைவான இடங்களில்தான் பெய்யும் என்று பொருள். அதை நம்பி மருந்து தெளிப்பை நிறுத்தவும் தேவையில்லை, விதைப்பைத் தொடங்கவும் கூடாது. 'பெரும்பாலான இடங்களில்' என்றால் முக்கால்வாசிக்கு மேல். செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வரும் மாவட்ட வேளாண் வானிலை அறிக்கையும், தமிழிலேயே கிடைக்கும் மேகதூத் செயலியும் இதற்கு உதவும்.

இருந்தாலும் உங்கள் தோட்டத்து மழையை நீங்கள்தான் அளக்க வேண்டும். மேலும் கீழும் ஒரே அகலமுள்ள டப்பாவை மரம், கூரை மறைக்காத வெட்டவெளியில் வைத்து, தினமும் காலை 8.30க்கு ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதுங்கள். ஒரு மி.மீ. மழை என்பது ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர். முதல் மழைக்கே விதைக்காமல், மண்ணைத் தோண்டி ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். கரிசலில் மழைக்கு முன்பே விதைப்பவர்கள் கடினப்படுத்திய விதையைச் சற்று ஆழமாகப் போட்டால், சிறு தூறலுக்கு முளைத்துக் கருகாது. விரிவாக்கப் பணியாளர்கள் ஊருக்கு நான்கைந்து விவசாயிகளின் நோட்டுகளைச் சேர்த்து வைத்தால், அடுத்த ஆண்டு எந்தப் பட்டம் என்ற பேச்சு அந்தக் கணக்கில் இருந்தே தொடங்கலாம்.